சேலத்தில் கடை வாடகைக்கு எடுக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கடை திறக்கப் போனேன். ஷட்டரின் நடுவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை, ஓரத்தில் வழிந்து பூட்டு வரைக்கும் இறங்கியிருந்தது. கடை வாடகைக்கு என்று யாராவது ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று கிழிக்கப் போனவள், மேலே வங்கியின் பெயரைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டேன். கட்டட உரிமையாளர் கடன் கட்டவில்லை, கட்டடத்தை வங்கி சுவாதீனம் எடுத்துக்கொள்கிறது என்று இருந்தது. உள்ளே என் காபி அரைக்கும் இயந்திரம், நாற்பது கிலோ ஏற்காட்டுக் கொட்டை. உரிமையாளரிடம் என் அட்வான்ஸ் 3 லட்சம் ரூபாய்.

அந்த 3 லட்சத்தில் எனக்குத் திரும்பி வந்தது 2 லட்சத்துப் பத்தாயிரம், அதுவும் ஒன்றரை வருடம் அலைந்து. நான் ஏமாந்த அத்தனை விஷயங்களையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு ஒரே வாரத்தில் பார்த்திருக்கலாம். முதல் முறையாகக் கடை எடுப்பவர்களுக்காக, வரிசைப்படி எழுதுகிறேன்.

1. வாடகையா, லீசா, உள்வாடகையா என்று முதலில் கேளுங்கள்

நம் ஊரில் "லீசுக்கு விடுறேங்க" என்றால் பெரும்பாலும் போக்கியம் என்று பொருள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இருப்பது. வக்கீலிடமும் பதிவு அலுவலகத்திலும் லீஸ் என்றால் குத்தகை, அதாவது வாடகை ஒப்பந்தமே. புரோக்கர் எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கடை எடுக்கப் போக்கியம் வேண்டாம் என்பது என் கருத்து. கட்டடத்துக்கு ஒரு சிக்கல் வந்தால் மொத்தப் பணமும் அதோடு மாட்டிக்கொள்ளும்.

ஏற்கெனவே கடை நடத்துபவர் "நான் காலி பண்றேன், குட்வில் கொடுத்துட்டு நீங்க உட்காருங்க" என்று சொல்வதும் சின்னக்கடை வீதி, செவ்வாய்ப்பேட்டை மாதிரி நெரிசலான இடங்களில் சகஜம். உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்குப் போனால் காலி செய்யச் சொல்ல அதுவே போதுமான காரணம். குட்வில் பணத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

2. கட்டடம் யாருடையது, அதன் மேல் என்ன கடன் என்று பாருங்கள்

நான் விட்ட படி இதுதான். "மூலப்பத்திரம் காட்டுங்க அண்ணா" என்று ஒருமுறை கேட்டேன். "அது பேங்க்ல பத்திரமா இருக்கும்மா, நம்ம பழக்கத்துக்கு அதெல்லாம் எதுக்கு?" என்றார். லாக்கரில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கடனுக்கு ஈடாக இருந்திருக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியவை:

வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மாநகருக்குள் என்றால் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் வேண்டும். இவற்றை உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். கடையின் கதவு எண்ணை வைத்துத் தேடினால் சரியாகக் கிடைக்காது. குறைந்தது முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். வங்கிக் கடனுக்குப் பத்திரத்தை வைத்திருந்தால் "உரிமை ஆவணம் ஒப்படைப்பு" என்ற வகையில் ஒரு பதிவு இருக்கும். அதற்குப் பிறகு ரத்து ரசீது பதிவாகியிருந்தால் கடன் முடிந்தது. அது இல்லாவிட்டால் கடன் இன்னும் நிற்கிறது.

கடன் இருக்கிற கட்டடத்தை எடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். சேலத்தில் பாதிக் கட்டடங்கள் கடனில்தான் எழும்புகின்றன. ஆனால் அடமானத்துக்குப் பிறகு வாடகைக்கு வருகிறவர் வங்கியிடம் தடையின்மைக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால், வங்கி கட்டடத்தை எடுக்க வரும்போது உங்கள் ஒப்பந்தம் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடுவார்கள். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

சொத்துவரி ரசீது. மாநகராட்சியில் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. கடைசி ரசீதில் யார் பெயர் இருக்கிறது, கட்டடம் குடியிருப்பு என்று இருக்கிறதா, வணிகம் என்று இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். வீடு என்று வரி கட்டும் கட்டடத்தில் கடை வைத்தால் தொழில் உரிமம் வாங்கும்போது இடிக்கும்.

பெயர்கள். ரசீதில் அப்பா பெயர் இருந்து, அவர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் உள்ள எல்லோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். "தம்பி வெளிநாட்டுல இருக்கான், நான் பார்த்துக்கிறேன்" என்ற வார்த்தைக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை. பவர் என்றால் அது பதிவானதா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவரிடம் ஒரு வீடியோ அழைப்பு பேசிவிடுங்கள்.

வழக்கு. வில்லங்கச் சான்றில் எல்லா வழக்கும் தெரியாது. இ-கோர்ட்ஸ் தளத்தில் சேலம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, உரிமையாளரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பாகப்பிரிவினை வழக்கு நடக்கிற கட்டடம் என்று தெரிந்தால் வேறு கடை பாருங்கள்.

இவ்வளவுக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நேரம் மூன்று நாள். வக்கீல் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்டால் இன்னும் இரண்டு நாள். "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க, இன்னைக்கே டோக்கன் போடுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். டோக்கன் போட்டே ஆக வேண்டும் என்றால் சிறிய தொகையாக, வங்கி வழியாக, "ஆவணங்கள் சரியில்லை என்றால் திருப்பித் தரப்படும்" என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொண்டு போடுங்கள்.

3. மின் இணைப்பைப் பாருங்கள்

மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, மின் கட்டண ரசீதில் என்ன வகை என்று பாருங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி அனுமதியற்ற பயன்பாடு. சரியான கட்டணத்தின் இரண்டு மடங்காகக் கணக்கிட்டு வசூலிப்பார்கள். எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குக் கணக்கு வரும். ஆய்வுக்கு வரும்போது கடையில் இருப்பது நீங்கள்தான். உரிமையாளர் போனை எடுக்க மாட்டார்.

இயந்திரம் ஓட்டுகிற தொழில் என்றால் கூடுதல் மின்பளு வேண்டும். அதற்கும் உரிமையாளரின் சம்மதக் கடிதம் தேவை. ஒப்பந்தத்தோடு சேர்த்தே அதில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் இழுப்பார்கள்.

4. ஒப்பந்தத்தில் என்னென்ன வரி இருக்க வேண்டும்

பத்திர எழுத்தரிடம் போனால் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி ஒரு பழைய வார்ப்பைக் கொடுப்பார். அதில் உரிமையாளருக்குச் சாதகமானவை மட்டுமே இருக்கும். கீழ்க்கண்டவற்றை நீங்களாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் எப்போது திரும்பும்? தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது, கடைகளுக்கும் பொருந்தும். அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர. பொறி அந்தக் கடைசி வார்த்தையில் இருக்கிறது. நம் ஊர் வழக்கம் பத்து மாதம். பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பத்துதான். பேசிப் பாருங்கள், நான் இப்போதைய கடைக்கு ஐந்தில் முடித்தேன். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதையும் ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதுங்கள்.

பெயின்ட் பிடித்தம். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்க என்று பிடிப்பார்கள். எழுதாவிட்டாலும் பிடிப்பார்கள். எனவே எழுதிவிடுங்கள்: ஒன்று பிடித்தம் இல்லை, அல்லது உண்மையான செலவு ரசீதுப்படி, அல்லது இவ்வளவு தொகை.

வாடகை உயர்வு. "வருடா வருடம் ஏற்றப்படும்" என்று மொட்டையாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை சதவீதம், எந்த மாதத்திலிருந்து என்று இருக்க வேண்டும்.

நீங்கள் பாதியில் போனால்? லாக்-இன் என்று ஒன்று போடுவார்கள். அந்தக் காலத்துக்குள் நீங்கள் காலி செய்தால் மீதி மாத வாடகையைக் கட்ட வேண்டும். அலமாரி, தரை, பெயர்ப்பலகை என்று பணம் போடும் கடைக்கு உரிமையாளரைக் கட்டுகிற லாக்-இன்தான் முக்கியம், மூன்று வருடத்துக்கு அவர் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று. உங்களைக் கட்டுகிற லாக்-இன் ஆறு மாதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எங்கும் விதியில்லை.

கட்டடம் விற்கப்பட்டால், வங்கி எடுத்தால். வாங்குபவரையும் இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்றும், கட்டடத்தின் மேல் இப்போது உள்ள கடன்கள் இவைதான் என்றும் உரிமையாளர் உறுதிமொழி தர வேண்டும். உரிமையாளரின் கடனால் நீங்கள் வெளியேற நேர்ந்தால் அட்வான்ஸோடு உள்வேலைச் செலவையும் அவர் தர வேண்டும் என்ற வரியை நான் இப்போது விடுவதே இல்லை. இந்த வரியைக் கேட்டதும் முகம் மாறுகிற உரிமையாளரிடம் கடை எடுக்காதீர்கள்.

பழுது. கூரை ஒழுகல், சாக்கடை, சுவர் விரிசல் அவர் செலவு. குழாய், பல்பு உங்கள் செலவு. சுவரை இடிப்பது, மாடி போடுவது எதற்கும் அவர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்க வேண்டும்.

5. பதிவு: 11 மாதப் பத்திரத்தை நம்பாதீர்கள்

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் 11 மாதம் எழுதுகிறார்கள். வீட்டுக்குச் சரி. கடைக்கு அது ஆபத்து. பன்னிரண்டாம் மாதம் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. மூன்று வருடம் என்று எழுதிப் பதியாமல் விட்டால் அதன் நிபந்தனைகளைக் கோர்ட்டில் காட்ட முடியாது. பதிந்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். கட்டடத்தை வாங்க வருகிறவர், கடன் கொடுக்க வருகிற வங்கி, எல்லோருக்கும் நீங்கள் இருப்பது தெரியும்.

செலவு நினைப்பதைவிடக் குறைவு. 30 வருடத்துக்குக் குறைவான குத்தகைக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதற்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். என் இப்போதைய கடையை வைத்துச் சொல்கிறேன். மாதம் 20,000, மூன்று வருடம், வருடம் 5 சதவீத உயர்வு. முதல் வருடம் 2,40,000, இரண்டாவது 2,52,000, மூன்றாவது 2,64,600, மொத்தம் 7,56,600. அட்வான்ஸ் ஒரு லட்சத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள், 8,56,600. தீர்வை 8,566, பதிவுக் கட்டணமும் 8,566. இரண்டும் சேர்த்து 17,132 ரூபாய். மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. உரிமையாளர் செலவுக்குத் தயங்கினால் முழுவதையும் நீங்களே கட்டிவிடுங்கள்.

இது போக இன்னொரு பதிவும் உண்டு, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன வாடகைச் சட்டப்படி, 11 மாத ஒப்பந்தமாக இருந்தாலும், எழுதிய 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அந்த அமைப்பு. இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், பதிவெண் ஒன்று கிடைக்கும். உரிமையாளர் வர மறுத்தால் நீங்கள் தனியாகவும் விவரம் தாக்கல் செய்யலாம். பின்னால் தகராறு வந்தால் இந்த எண் இல்லாமல் முதல் படியிலேயே சிக்கல் வரும். சேலத்தில் உங்கள் பகுதிக்கு யார் அதிகாரி என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

6. வரி

இதைச் சுருக்கமாகச் சொல்லி, மீதியை உங்கள் ஆடிட்டரிடம் விடுகிறேன். உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் வாடகைக்கு மேல் 18 சதவீதம் வரும். பேசும்போதே "வரி சேர்த்தா, தனியா?" என்று கேளுங்கள். அவர் பதிவில்லாமல், நீங்கள் பதிவு செய்தவர் என்றால் 2024 அக்டோபர் 10 முதல் அந்த 18 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு வணிகர்களுக்கான திட்டம்) இருப்பவர்களுக்கு இதிலிருந்து விலக்கு இருக்கிறது. மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிப் பிடித்தமும் உண்டு. வாடகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தகராறு என்று வந்தால் அந்தக் கறுப்புப் பாதியை நீங்கள் கொடுக்கவே இல்லை என்றுதான் ஆகும்.

7. சாவி வாங்கும் நாள்

கைபேசியை எடுத்து வாசலிலிருந்து பின்சுவர் வரை நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுங்கள். தரை ஓட்டில் உள்ள விரிசல், கழிவறைக் குழாய், ஷட்டரின் பக்கத் தகடு, கூரையில் உள்ள ஈரத் திட்டு எல்லாம் தெரியட்டும். மீட்டர் எண்ணிக்கையைத் தனியாகப் படம் எடுங்கள். அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பழைய கடையில் ஷட்டர் வளைந்திருந்தது என் கணக்கில் எழுதப்பட்டது. நான் வருவதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது என்பதைக் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

8. ஏற்காட்டில் எடுக்கிறவர்களுக்கு

என் சித்தி மகன் ஏரிக்குப் பக்கத்தில் மிளகு, காபி விற்கக் கடை பார்த்தபோது கூடப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே போனதும் சில விஷயங்கள் மாறிவிடுகின்றன.

நான் மேலே சொன்ன வாடகைச் சட்டம் நகர்ப்புறத்துக்கானது. கடை இருக்கும் இடம் ஊராட்சிப் பகுதியாக இருந்தால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம்தான் பேசும். அதில் மாத வாடகைக் கடையை 15 நாள் நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம். எனவே அங்கே எழுதிப் பதிந்த ஒப்பந்தம் இன்னும் அவசியம், நோட்டீஸ் காலத்தை மூன்று மாதம் என்று அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மலைப்பகுதியில் கட்டுவதற்கு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் தனி. சாலையோரத்தில் தகரம் போட்டு எழுப்பிய கடைகளுக்குப் பெரும்பாலும் காட்ட ஒன்றும் இருக்காது, சீல் வைத்தால் நஷ்டம் உங்களுடையது. அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலமா என்று பட்டாவிலும் தாலுகா அலுவலகத்திலும் பாருங்கள். மலைவாழ் மக்களுக்குக் கொடுத்த நிலத்தை வேறொருவர் தன்னுடையது என்று வாடகைக்கு விடுவது அவர்களுக்கும் அநியாயம், உங்களுக்கும் ஆபத்து.

மே மாதக் கோடை விழாக் கூட்டத்தைப் பார்த்து வாடகை பேசாதீர்கள். ஐப்பசி மழையில் ஒருமுறை போய் நில்லுங்கள். நாங்கள் பார்த்த கடையின் பின்சுவரில் உள்ளங்கையை வைத்தேன், எடுத்தபோது கை நனைந்திருந்தது. காபித்தூள் அங்கே இரண்டே நாளில் கட்டி தட்டிவிடும். வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டோம்.

9. தகராறு வந்தே விட்டால்

அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும் என்று வாடகையை நிறுத்தாதீர்கள். கோபத்தில் எல்லோரும் முதலில் செய்வது இதுதான். இரண்டு மாத வாடகைப் பாக்கி, நோட்டீஸ் கொடுத்தும் கட்டவில்லை என்றால், காலி செய்ய வைக்க அதுவே காரணமாகிவிடும். உரிமையாளர் வாங்க மறுத்தால் வங்கி வழியாகவோ மணியார்டரிலோ அனுப்புங்கள். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகார அமைப்பிடம் செலுத்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் அதே அமைப்பிடம் மனுக் கொடுங்கள். அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது, விசாரணை முடிவதற்கு முன்பே திரும்பக் கொடுக்க உத்தரவிடலாம். பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டால் உடனே படம் எடுத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகார் ரசீது வாங்குங்கள். பூட்டை உடைக்காதீர்கள்.

வங்கி நோட்டீஸ் ஒட்டினால் நாள் கணக்கு முக்கியம். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க 45 நாள்தான். வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம் என்பது எனக்கு நாற்பதாவது நாள்தான் தெரிய வந்தது. ஒட்டிய காகிதத்தைத் தேதியோடு படம் எடுத்து, அன்றே வக்கீலைப் பாருங்கள்.

அட்வான்ஸுக்கு முதலில் ஒப்புகையுடன் தபாலில் நோட்டீஸ். எனக்கு 3,000 ரூபாய் ஆனது. பதில் வராவிட்டால் அஸ்தம்பட்டியில் உள்ள ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனுக் கொடுத்துப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீலும் கிடைக்கும். நேரடியாகப் பண வழக்கு என்றால் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.

என் விஷயம் மூன்றாவது அமர்வில் முடிந்தது. ஏழு தவணை, தவணைக்கு 30,000. ஒப்புக்கொண்ட தொகையை லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தீர்ப்பாக எழுதி வாங்கச் சொன்னார் அங்கிருந்த வக்கீல் அம்மா. அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். இரண்டாவது தவணை தவறியதும் அந்த நகலோடு போய் நின்றேன், நான்காம் நாள் பணம் வந்தது. நீங்களும் வாய்ப்பேச்சில் சமாதானமாகி எழுந்து வராதீர்கள். முத்திரையோடு ஒரு நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.